பெயரும் பாலினமும் மாறியபின் வாக்காளர் பட்டியல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாக்காளர் அடையாள அட்டை கையில் இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது. பட்டியலில் பெயர் இருப்பவர், அட்டை தொலைந்து போயிருந்தாலும் வேறோர் ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம். பட்டியல் உரிமைக்கும் அட்டை அடையாளத்துக்கும் உரியவை என்பதை மறந்துவிடுவதால்தான், பெயரையோ பாலினத்தையோ மாற்றிக்கொண்டவர்கள், குறிப்பாகத் திருநங்கையரும் திருநம்பியரும், தேவையற்ற சிக்கல்களில் அகப்படுகிறார்கள்.

அவற்றுள் மிகவும் கேடானது, பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பெயரில் படிவம் 6 கொடுத்து முதன்முறை வாக்காளராகப் பதிவு செய்துகொள்வதாகும். அந்தப் படிவத்தில் வேறெங்கும் தம் பெயர் பட்டியலில் இல்லை என்று விண்ணப்பதாரர் உறுதியளிக்கிறார். அது பொய்யென்று அறிந்தே கையெழுத்திட்டால், 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஏற்கெனவே பட்டியலில் இருப்பவருக்கு உரியது படிவம் 8. பெயர், பாலினம், புகைப்படம், முகவரி ஆகியவற்றை மாற்றவும் புதிய அட்டை பெறவும் அதுவே போதும். கோரும் திருத்தத்துக்குச் சான்றான ஆவணத்தின் நகலை மறவாமல் இணைக்க வேண்டும். பாலினத்தை ஆண் அல்லது பெண் என்று மட்டுமே குறிக்க வேண்டியிருந்த நிலையைத் தேர்தல் ஆணையம் 2009ஆம் ஆண்டிலேயே மாற்றிவிட்டதால், இன்றைய படிவங்களில் மூன்றாம் பாலினத்தவர் என்ற தெரிவும் இருக்கிறது.

வீட்டைவிட்டு வெளியேறி வேறு நகரத்தில் வாழ்பவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. ஊரில் உள்ள பதிவு பத்திரமாக இருக்கும் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கையில், வீடு வீடாகச் சரிபார்க்க வரும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் குடும்பத்தினர் “இங்கே இல்லை” என்று சொல்லிவிட்டால், பெயர் நீக்கப்படும் நிலை வரலாம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் தம் பெயரோ பெற்றோரின் பெயரோ இருந்த விவரத்தைக் கேட்டது. குடும்பத்தோடு தொடர்பற்றுப் போனவர்களுக்கு அது எத்தகைய கேள்வி என்பதை விளக்கத் தேவையில்லை. எனவே, குடியிருக்கும் முகவரிக்குப் பதிவை மாற்றிக்கொள்வதைப் பெயர் மாற்றத்துக்காகக் காத்திருந்து தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்து, வரிசை தவறுதல். திருநர்களுக்கு அடிப்படை ஆவணம், 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் வழங்கும் அடையாளச் சான்றிதழ் ஆகும். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, அதை அடிப்படையாகக் கொண்டு மற்ற ஆவணங்களில் பெயரையும் பாலினத்தையும் மாற்றக் கோரலாம். பிற காரணங்களுக்காகப் பெயரை முழுமையாக மாற்றுபவர்களுக்கு அரசிதழ் அறிவிப்பு அந்த இடத்தில் நிற்கிறது. இவற்றைப் பெறாமல் ஒவ்வோர் அலுவலகத்திலும் கையில் கிடைத்த தாளைக் காட்டி மாற்றத் தொடங்கினால், ஆதாரில் ஒரு பெயரும், வங்கிக் கணக்கில் இன்னொரு பெயரும், பான் அட்டையில் மூன்றாவது எழுத்துக்கூட்டலும் என்று ஆகிவிடும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறையும் பாலினத்தை ஒருமுறையும் மட்டுமே வழக்கமான முறையில் திருத்த இயலும் என்பதால், அங்கே அவசரப்படுவது பின்னர் பெருந்தொல்லையாகும்.

எழுத்துக்கூட்டலை முதலிலேயே முடிவு செய்து, அடிப்படை ஆவணத்தில் உள்ளவாறே எல்லா இடங்களிலும் எழுதுவது நல்லது. நம்மிடம் இனிஷியல் என்றொரு தனிச் சிக்கல் இருக்கிறது: ஒரு படிவம் அதை முன்னால் கேட்கும், இன்னொன்று தந்தையின் பெயராக விரித்துக் கேட்கும், மணமான பெண்களுக்கு அது கணவரின் எழுத்தாகவும் மாறிவிடும். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பெயரைக் கணினி தானாகத் தமிழாக்கும்போது விபரீதமான பெயர்கள் பிறப்பதும் உண்டு; சமர்ப்பிக்கும் முன் தமிழ் வடிவத்தையும் படித்துப் பாருங்கள்.

வாக்குப்பதிவு நாளில் நிகழும் தவறு இதற்கு நேர்மாறானது: ஆவணங்கள் பொருந்தவில்லை என்று தாமாகவே போகாமல் இருந்துவிடுகிறார்கள். அட்டையில் உள்ள சிறு எழுத்துப்பிழைகளைப் பொருட்படுத்தக் கூடாது என்பதே ஆணையத்தின் அறிவுறுத்தல். தோற்றம் மாறிப் புகைப்படம் பொருந்தாவிட்டால், மாற்று ஆவணம் ஒன்றைக் காட்டலாம். 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலைத் திட்ட அட்டை உள்ளிட்ட 12 ஆவணங்கள் ஏற்கப்பட்டன. குடும்ப அட்டையும் திருநங்கையர் நல வாரிய அட்டையும் அவற்றில் இல்லை. வீட்டுக்கு வந்து கொடுக்கப்படும் வாக்காளர் தகவல் சீட்டும் அடையாளச் சான்றாகாது.

கட்சி முகவர் எவரேனும் “இவர் அவரில்லை” என்று ஆட்சேபித்தால், அதற்காக அவர் 2 ரூபாய் கட்ட வேண்டும், ஆதாரமும் காட்ட வேண்டும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து, ஆட்சேபம் நிறுவப்படாவிட்டால் வாக்களிக்க அனுமதிப்பார். ஆகவே திரும்பிப் போகாமல் விசாரணை முடியும் வரை நிற்க வேண்டும். வேறொருவர் ஏற்கெனவே உங்கள் பெயரில் வாக்களித்துவிட்டிருந்தால், அடையாளத்தை நிறுவியபின் வாக்குச்சீட்டில் பதிவு செய்யும் உரிமை உண்டு.

கடைசியாக, காலம். வேட்புமனுத் தாக்கல் செய்வதற்கான இறுதி நாள் கடந்தபின், தேர்தல் முடியும் வரை பட்டியலில் எந்தத் திருத்தமும் செய்யச் சட்டம் இடமளிப்பதில்லை. தேர்தல் அறிவிப்பு வந்தபின் படிவம் 8-ஐத் தேடுவோருக்கு, பரிசீலனைக்கு வேண்டிய நாள்களும் போக, மிகக் குறைந்த அவகாசமே எஞ்சும்.