மலாய் சமையல் குறிப்பைப் படித்துச் சமைப்பது எப்படி? சம்பல் தூமிஸ் செய்துகொண்டே கற்றுக்கொள்வோம்

கோலாலம்பூருக்குப் புதிதாகக் குடிவந்த தமிழர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எனக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும். ஆனால் மலாய் குறிப்பைப் பார்த்துச் செய்தால் மட்டும் கடையில் சாப்பிட்ட ருசி வருவதில்லையே, ஏன்?" தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி செந்தூலுக்கு வந்த என் அண்ணியும் இதையேதான் கேட்டார். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு குறிப்பைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தோம். காரணம் தெரிந்துவிட்டது. மலாய் குறிப்புகளில் நிமிடக் கணக்கு குறைவு. சட்டியில் இருப்பது எந்த நிலைக்கு வரவேண்டும் என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அந்த நிலை கண்ணுக்கு எப்படித் தெரியும், மூக்குக்கு எப்படி மணக்கும், காதில் என்ன சத்தம் கேட்கும் என்று தெரிந்தவருக்கு அந்தச் சொல் தெளிவான கட்டளை. தெரியாதவருக்கு வெறும் சொல்.

பழகுவதற்கு ஈக்கான் பீலிஸ், அதாவது நெத்திலிக் கருவாடு, போட்ட சம்பல் தூமிஸை எடுத்துக்கொள்வோம். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றோடு வருகிற அதே சிவப்புச் சம்பல்தான். இதில் வருகிற சொற்கள் பிடிபட்டால் சம்பல் உடாங், அசாம் பெடாஸ், மீ கோரெங் எல்லாம் அடுத்தடுத்து கைக்கு வந்துவிடும்.

படி 1: எழுத்தும் அளவும்

முதலில் குறிப்பை வாய்விட்டுப் படிக்கத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் கடையில் கேட்க முடியாது. மலாயில் 'சி' என்ற ரோமன் எழுத்துக்கு எப்போதும் 'ச்ச' ஒலிதான். 'க' ஒலி கிடையாது. 1972-ல் எழுத்து முறையைச் சீர்திருத்தியபோது இப்படி ஆக்கினார்கள். அதற்கு முன் அச்சான பழைய சமையல் புத்தகம் கையில் இருந்தால், அதே சொற்களில் 'சி'யோடு 'எச்'சும் ஒட்டிக்கொண்டிருக்கும். குழம்ப வேண்டாம், சொல் ஒன்றுதான்.

அளவுகளில் சூடு பெசார் என்பது மேசைக்கரண்டி, சூடு தே என்பது தேக்கரண்டி. சூடு என்று காதில் விழுந்தாலும் அது கரண்டி மட்டுமே. அடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாவான் என்றால் கோப்பை. பூண்டுப் பல்லுக்கு ஊலாஸ், செரை என்ற எலுமிச்சைப்புல் தண்டுக்கு பாத்தாங், மிளகாய், வெங்காயம் எண்ணுவதற்கு பீஜி, இலைக்கு ஹெலாய். செகெங்காம் ஒரு கைப்பிடி, செச்சுபிட் ஒரு சிட்டிகை.

நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: இஞ்சி. '2 இஞ்சி லெங்குவாஸ்' என்றால் இரண்டு அங்குல நீளத்தில் ஒரு துண்டு பேரரத்தை. நம் இஞ்சிக்கு மலாயில் ஹாலியா. காணொளியைக் கேட்டுக்கொண்டே பொருள் பட்டியல் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்திக் கேளுங்கள்.

உப்பு, சீனிக்கு நேரே பெரும்பாலும் செச்சுக்குப் ராசா என்று இருக்கும், அதாவது ருசிக்குத் தேவையான அளவு. இந்தச் சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுதிலும் உப்பு உண்டு, நெத்திலியிலும் உண்டு. அதனால் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

படி 2: கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது

நான் வாங்குவது சௌகிட் சந்தையில். உங்களுக்கு எது பக்கமோ அங்கே போங்கள். பினாங்கில் இருந்தால் சௌராஸ்தா சந்தை.

பாவாங் பெசார் பெரிய வெங்காயம். பாவாங் மேரா சின்ன வெங்காயம். மேரா என்றால் சிவப்பு என்று தெரிந்தவர்கள் சிவப்பு நிறத்தில் இருக்கும் பெரிய வெங்காயத்தை எடுத்து வந்துவிடுகிறார்கள். அது இங்கே பாவாங் பெசார்தான். பாவாங் பூத்தே பூண்டு. பூத்தே என்றால் வெள்ளை. நாமும் வெள்ளைப்பூண்டு என்று சொல்வதால் இது மட்டும் சுலபமாக மனதில் நிற்கும்.

இந்தச் சம்பலுக்குத் தேவையில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது: ஜிந்தான் பூத்தே சீரகம், ஜிந்தான் மானிஸ் சோம்பு. குறிப்பில் வெறுமனே ஜிந்தான் என்று இருந்தால் அந்த உணவுக்கு எது பொருந்தும் என்று நீங்களே யோசித்துத்தான் போட வேண்டும். ஹல்பா வெந்தயம். கெத்தும்பார் மல்லி விதை, டாவுன் கெத்தும்பார் கொத்தமல்லித்தழை. டாவுன் சூப் (செலரித்தழை) என்று பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் கட்டும் பார்வைக்குக் கொத்தமல்லி போலவே இருக்கும், வாசனை வேறு. கிள்ளி முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

அசாம் ஜாவா நமக்குத் தெரிந்த புளி. அசாம் கெப்பிங் வேறு ஒரு பழத்தைச் சீவிக் காயவைத்த வில்லைகள். கேரளத்துக் குடம்புளிக்கு நெருங்கிய உறவு. அதைக் கரைக்க வேண்டாம், குழம்பில் அப்படியே போட்டுவிட்டுப் பிறகு எடுத்துவிடலாம். நம் சம்பலுக்கு வேண்டியது ஆயெர் அசாம் ஜாவா, அதாவது புளிக்கரைசல். ஆயெர் என்றால் தண்ணீர்.

இரண்டு பேர் மூன்று பேர் சாப்பிட நான் எடுக்கும் அளவு: காய்ந்த மிளகாய் 30, பாவாங் பெசார் 2, பாவாங் மேரா 5, பூண்டு 3 ஊலாஸ், கட்டைவிரல் நுனி அளவு பெலாச்சான், ஈக்கான் பீலிஸ் 1 சாவான், புளிக்கரைசல் 3 சூடு பெசார், கூலா மெலாக்கா ஒரு சிறு துண்டு, எண்ணெய் அரைச் சாவான். எண்ணெயைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நான்காம் படியில் காரணம் புரியும். கூலா மெலாக்கா தென்னம் பதநீரில் காய்ச்சுவது. கிடைக்காவிட்டால் கருப்பட்டி போடலாம். ருசி கொஞ்சம் மாறும், ஆனாலும் நன்றாகவே இருக்கும்.

படி 3: வெட்டுவது, அரைப்பது

ஹீரிஸ் என்றால் சீவுவது. மாயாங் என்றால் அதைவிட மெல்லியதாக, வெளிச்சம் தெரிகிற அளவுக்குச் சீவுவது. டாடு சதுரத் துண்டுகள். கெத்தோக் என்பது செரை, பேரரத்தை போன்றவற்றை அம்மிக்குழவியாலோ கத்தியின் பின்புறத்தாலோ ஒரு தட்டுத் தட்டி நசுக்குவது; துண்டாக்கக் கூடாது. தும்போக் உரலில் இடிப்பது, கீசார் இயந்திரத்தில் அரைப்பது.

காய்ந்த மிளகாயைக் கிள்ளி, விதையை உதறிவிட்டு, வெந்நீரில் மெத்தென்று ஆகும்வரை போட்டுவையுங்கள். அந்த நீரைக் கொட்டிவிட்டு, ஒரு பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, பெலாச்சானோடு சேர்த்து அரையுங்கள். இன்னொரு பெரிய வெங்காயத்தை ஹீரிஸ் செய்து தனியாக வையுங்கள். அரைத்த மிளகாய் விழுது சிலி போ என்ற பெயரில் பொட்டலமாகவும் விற்கிறது. அவசரத்துக்கு ஆகும், ஆனால் நான் வாங்குவதில்லை. வீட்டில் அரைத்த விழுதின் நிறமும் மணமும் அதில் வராது.

மிக்ஸி சுற்ற மறுக்கும்போது தண்ணீரை ஊற்றாதீர்கள். அரைச் சாவான் எண்ணெயில் இருந்தே கொஞ்சம் ஊற்றி அரையுங்கள். ஊற்றுகிற ஒவ்வொரு கரண்டித் தண்ணீரையும் அடுத்த படியில் நீங்களே அடுப்பில் நின்று வற்ற வைக்க வேண்டியிருக்கும்.

படி 4: தூமிஸ் ஹிங்கா பெச்சா மின்யாக்

கடை ருசி வருவதும் வராததும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

தூமிஸ் என்பதைச் சிலர் தாளிப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். தாளிப்பு ஒரு நிமிட வேலை, அதனால் விழுதை ஊற்றி நாலு கிளறு கிளறிவிட்டுப் புளியை ஊற்றிவிடுகிறார்கள். தூமிஸ் அதைவிட நீளமானது. எண்ணெயில் வாசனைப் பொருள்களை வதக்குவது எல்லாமே தூமிஸ்தான், எவ்வளவு நேரம் என்பதை அதற்கு அடுத்து வருகிற சொல் சொல்லும். தூமிஸ் ஹிங்கா நாயிக் பாவு என்று இருந்தால் வாசனை எழும்பும்வரை, அதாவது இரண்டு மூன்று நிமிடம். சீவிய வெங்காயத்துக்கு, பட்டை கிராம்புக்கு அது போதும். தூமிஸ் ஹிங்கா பெச்சா மின்யாக் என்று இருந்தால் எண்ணெய் பிரிந்து வரும்வரை. நம் கறிக்குழம்பிலும் எண்ணெய் பிரியும்வரை வதக்கச் சொல்வது உண்டு, அதே நிலைதான். ஆனால் மிளகாய் விழுதுக்கு அது சிறு தீயில் அரை மணி நேரம்கூட எடுக்கும்.

ஏன் அவ்வளவு நேரம்? அரைத்த விழுதில் பெரும்பகுதி தண்ணீர், வெங்காயத்தில் இருக்கிற தண்ணீரும் சேர்த்து. அந்தத் தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். விழுது வேகும், வறுபடாது. மிளகாயின் பச்சை வாடையும் பூண்டின் நெடியும் அப்படியே இருக்கும். தண்ணீர் வற்றிய பிறகு விழுதோடு கலந்து கிடந்த எண்ணெய் பிடியை விட்டு வெளியே வருகிறது. சூடு 100-ஐத் தாண்டுகிறது. அப்போதுதான் மிளகாய் எண்ணெயில் வறுபட ஆரம்பித்து, பச்சை வாடை போய், நிறம் ஆழ்ந்த சிவப்பாகிறது. சம்பல் சீக்கிரம் கெடாமல் இருப்பதற்கும் தண்ணீர் வற்றுவது ஒரு காரணம்.

முதலில் குவாலியில், அதாவது குழிந்த வாணலியில், எண்ணெயைக் காயவைத்து, நெத்திலியை காரிங் ஆகும்வரை, அதாவது மொறுமொறுவென்று வரும்வரை பொரித்து, தோஸ்கான் செய்து எடுத்துவையுங்கள். எண்ணெய் வடிய விடுவதுதான் தோஸ்கான். அடுத்து கெத்தெப்பிகான் என்று வரும்: ஒதுக்கி வை. அதே எண்ணெயில் சீவிய வெங்காயத்தை நாயிக் பாவு வரை வதக்கி, விழுதை இறக்கி, தீயை ஆப்பி கெச்சிலுக்கு, சிறு தீக்கு, கொண்டு வாருங்கள்.

விழுது போட்ட முதல் நிமிடத்திலேயே ஓரத்தில் எண்ணெய் தெரியும். அது பெச்சா மின்யாக் இல்லை, இன்னும் விழுதோடு கலக்காத எண்ணெய். கிளறக் கிளற அது உள்ளே மறைந்துவிடும். கொஞ்ச நேரம் எண்ணெயே இல்லாத கெட்டிக் கூழாகத் தெரியும், பொத் பொத் என்று தெறிக்கும். இந்த நேரத்தில் எண்ணெய் போதவில்லை என்று மேலும் ஊற்றத் தோன்றும். வேண்டாம், கிளறிக்கொண்டே இருங்கள். மெல்ல மெல்ல அந்தப் பொத் பொத் சத்தம் அடங்கி, மெல்லிய சீறலாக மாறும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். கோடு அப்படியே நின்று, அதில் செந்நிற எண்ணெய் ஊறி வந்தால் அதுதான் பெச்சா மின்யாக். முகர்ந்தால் மூக்கைக் குத்தாது, வறுத்த வாசனை வரும். கோடு, சத்தம், வாசனை மூன்றும் சேர்ந்து வரும்வரை காத்திருங்கள்.

இதற்குக் கனமான குவாலியும் மரக்கரண்டியும் வேண்டும். மெல்லிய ஒட்டாத சட்டியை நான் இதற்குப் பரிந்துரைக்கவே மாட்டேன். ஒரே இடத்தில் சூடேறி, ஓரத்தில் தண்ணீர் நிற்கும்போதே நடுவில் கருகும். கருகிய மிளகாய்க் கசப்பைச் சீனி போட்டாலும் மறைக்க முடியாது.

படி 5: மீதி

இனிமேல்தான் புளிக்கரைசலும் கூலா மெலாக்காவும். முன்பே ஊற்றினால் மறுபடியும் தண்ணீர் சேர்ந்துவிடும், சர்க்கரை அடிப்பிடிக்கும். காவுல் ஹிங்கா செபாத்தி என்றால் எல்லாம் ஒன்றாகச் சேரும்வரை கலக்கு. பிறகு ரெனே, அதாவது சிறு தீயில் மெதுவாகக் கொதிக்கவிடு. எண்ணெய் மறுபடி மேலே மிதந்து வந்ததும் உப்புப் பார்த்து, நெத்திலியைப் போட்டுக் கிளறி, பாடாம் ஆப்பி, அடுப்பை அணைத்துவிடுங்கள். நெத்திலி மொறுமொறுப்பாக வேண்டும் என்றால் பரிமாறும்போது மேலே தூவுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பிற்சேர்க்கை: இண்டக்ஷன் அடுப்பு

அடுக்குமாடி வீட்டில் எரிவாயு இல்லாத வாசகி ஒருவர், இண்டக்ஷன் அடுப்பில் கீழே பிடித்துக்கொள்கிறதே என்று எழுதியிருந்தார். அடி உருண்டையான குவாலி அதில் சரிவராது. தட்டையான, கனமான அடி உள்ள அகலப் பாத்திரத்தை எடுங்கள். அகலமாக இருந்தால் தண்ணீரும் சீக்கிரம் வற்றும். நடுத்தர அளவுக்குக் கீழே வைத்து, அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிளறுங்கள்.

பிற்சேர்க்கை: இந்தோனேசியக் குறிப்புகள்

இணையத்தில் தேடினால் இந்தோனேசியக் குறிப்புகளும் கலந்து வரும். அளவில் 'எஸ் டி எம்', 'எஸ் டி டி' என்ற சுருக்கங்களைப் பார்த்தால் அது அந்த ஊர்க் குறிப்பு. முன்னது மேசைக்கரண்டி, பின்னது தேக்கரண்டி. அங்கே பெலாச்சானுக்குத் தெராசி, மிளகாய்க்குச் சாபே, இங்கே புவா கெராஸ் என்று விற்கும் கொட்டைக்குக் கெமிரி. அந்தக் கொட்டையைப் பச்சையாக வாயில் போடாதீர்கள், சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். சொல்லில் சந்தேகம் வந்தால் இயந்திர மொழிபெயர்ப்பை விட மலேசிய அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் இணைய அகராதியில் தேடுவதையே நான் விரும்புவேன்.

பிற்சேர்க்கை: பெச்சா சந்தான்

மாசாக் லெமாக் என்ற தேங்காய்ப்பால் குழம்பு செய்த ஒருவர், "பெச்சா வரும்வரை கொதிக்கவிட்டேன், தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார். அவர் குறிப்பை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அதில் இருந்தது ஜாஙான் சம்பாய் பெச்சா சந்தான். ஜாஙான் என்றால் கூடாது, சந்தான் என்றால் தேங்காய்ப்பால். சம்பலில் எண்ணெய் பிரிய வேண்டும். மாசாக் லெமாக்கில் தேங்காய்ப்பால் பிரியவே கூடாது. பாத்தி சந்தான், அதாவது கெட்டியான முதல் பாலை, கடைசியில் ஊற்றுங்கள். ஊற்றிய பிறகு தளதளவென்று கொதிக்க விடாமல், சிறு தீயில் கரண்டியை எடுக்காமல் கிளறி, ஓரத்தில் முதல் குமிழ் வந்ததும் இறக்கிவிடுங்கள். ரெண்டாங் மட்டும் விதிவிலக்கு. அதில் தேங்காய்ப்பால் வற்றி எண்ணெய் கக்கும்வரை விட்டே ஆக வேண்டும், குறிப்பிலும் ஹிங்கா கெரிங், உலரும்வரை, என்று தெளிவாகவே இருக்கும்.