திமிஷின் கதையைப் பிடிப்பது எப்படி?

பதினேழாம் நூற்றாண்டில் உக்ரைனின் போர்வீரர் கூட்டமான கோசாக்குகளின் தலைவர் போஹ்தான் கெமெல்னித்ஸ்கியின் மகன் திமிஷ். தேதிகளை மனப்பாடம் செய்யாதீர்கள். நான் அப்படித்தான் குழம்பினேன். வரைபடமும் பென்சிலும் போதும்.

முதல் புள்ளி கிரிமியா. 1648இல் போலந்துக்கு எதிரான போரில் தாத்தார் கானின் (அங்கத்து மன்னரின்) உதவிக்காக அப்பா இவரைப் பிணையாக விட்டார்.

அடுத்து உக்ரைனில் உள்ள பாத்திக், 1652. மால்தாவியா போகும் வழியை மறித்த போலந்துப் படை அங்கே நொறுங்கியது. அப்புறம் கல்யாணம்: மால்தாவிய ஆட்சியாளர் வசீலே லுப்புவின் மகள் ருக்சாந்திராவுடன். படையைக் காட்டிப் பெண்ணெடுத்த மாப்பிள்ளை!

இங்கே பென்சிலை நிறுத்துங்கள். மீதிச் சண்டையெல்லாம் மாமனாருக்காகத்தான். 1653 மே, ஃபிந்தா: பக்கத்து நாடான வலாக்கியாவின் ஆட்சியாளர் மத்தேய் பசராபிடம் தோல்வி. செப்டம்பர், மால்தாவியாவின் சுச்சாவா கோட்டை முற்றுகை: பீரங்கித் தாக்குதலில் காயம், மரணம். இருபதைச் சற்றே தாண்டிய வயது.

கடைசிக் கோடு உக்ரைனில் இவர் குடும்பத்தின் ஊரான சுபோதிவுக்கு. உடல் அங்கேதான் அடக்கம்.