வரத்துக்காலின் சொரசொரப்பை நீங்களே அளப்பது எப்படி?

கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்தான் வரத்துக்கால். ராமநாதபுரம் கடலோரச் சமவெளியில் அந்த வாய்க்காலின் சரிவைக் கூட்ட யாராலும் முடியாது; நிலமே அப்படித் தட்டையாகக் கிடக்கிறது. மழையும் நம் கையில் இல்லை. கண்மாய்க்குத் தண்ணீர் விரைவாக வந்து சேர, குறைந்த செலவில் நாம் மாற்றக்கூடியது வாய்க்காலின் சொரசொரப்பு, அதாவது தரையும் செடி கொடியும் ஓட்டத்தைத் தடுக்கும் அளவு, மட்டுமே. அதை ஓர் எண்ணாகவே அளந்துவிடலாம். டேப், அளவு குறித்த குச்சி, செல்போன், பிளாஸ்டிக் பாட்டில், கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) இருந்தால் போதும்.

1. இடம்

வளைவில்லாத, அகலம் மாறாத 20 மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். முழங்காலுக்கு மேல் ஆழமோ இழுப்போ இருந்தால் இறங்க வேண்டாம். வைகையின் உபரி நீர் கடல் சேரும் ஆற்றங்கரை என்ற ஊர் போன்ற முகத்துவாரங்கள் இதற்கு உதவாது. அங்கே கடல் ஏற்றம் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும். தரை வழவழப்பாக இருந்தாலும் ஓட்டம் மந்தமாகத்தான் தெரியும். நிறைந்த கண்மாய்க்கும் சிறு பாலத்துக்கும் தண்ணீர் வரும் பக்கத்தில் சற்று முன்னால் உள்ள இடங்களும் அப்படியே.

2. அகலமும் ஆழமும்

குறுக்காக ஐந்து இடங்களில் ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். அகலம் 3 மீட்டர், ஆழம் 0.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 1.5 சதுர மீட்டர். தண்ணீர் தொடும் தரையும் இரு பக்கங்களும் சேர்ந்து 4 மீட்டர். பரப்பை இதனால் வகுத்தால் 0.375, இதற்கு நீரியல் ஆரம் என்று பெயர்.

3. வேகம்

பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பி மூடி மிதக்க விடுங்கள். காலிப் பாட்டிலை வாடைக்காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். 20 மீட்டரைக் கடக்க 125 விநாடி ஆனால், மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.16 மீட்டர். தரையையும் கரையையும் ஒட்டிய தண்ணீர் மெதுவாகப் போவதால் 0.85 ஆல் பெருக்குங்கள்: 0.136. பல முறை விட்டுச் சராசரி எடுப்பது நல்லது.

4. சரிவு

பொறுமையைச் சோதிக்கும் வேலை இதுதான். நம் பகுதியில் 20 மீட்டருக்குள் சரிவு கண்ணுக்கே தெரியாது. 100 மீட்டர் எடுத்து, இரு முனையிலும் நீர்மட்டத்தில் முளை அடித்து, டியூப் மட்டத்தை நகர்த்தி நகர்த்தி வித்தியாசம் பாருங்கள். 4 சென்டிமீட்டர் என்றால் சரிவு 0.0004. கணக்கில் இதன் வர்க்கமூலம்தான் வருகிறது என்பதால், அளவில் சிறு பிழை நேர்ந்தால் விடையில் ஏறக்குறைய அதில் பாதியே தெரியும்.

5. கணக்கு

அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889-இல் முன்வைத்த வழி இது. நீரியல் ஆரத்தின் 2/3 அடுக்கை (0.52) சரிவின் வர்க்கமூலத்தால் (0.02) பெருக்கி, வேகத்தால் வகுக்க வேண்டும். நமக்குக் கிடைப்பது 0.076; இதுதான் சொரசொரப்பு எண்.

வழவழப்பான கான்கிரீட் வாய்க்காலுக்கு இந்த எண் ஏறத்தாழ 0.013, துப்புரவான மண் வாய்க்காலுக்கு 0.025-ஐ ஒட்டி வரும்; புதர் மண்டினால் 0.05-ஐத் தாண்டி 0.1 வரைகூடப் போகும். நம் வாய்க்காலில் இப்போது விநாடிக்குச் சுமார் 200 லிட்டர் ஓடுகிறது. எண் 0.025 ஆனால், இதே ஆழத்தில் 620 லிட்டர் ஓடும்.

6. எதை வெட்டுவது, எதை விடுவது

மணலும் சிறு கற்களும் தரையோரத் தண்ணீரை மட்டும் உரசி நிறுத்துகின்றன; ஆழம் கூடக் கூட அவற்றின் செல்வாக்கு குறையும். புல் வேகமான ஓட்டத்தில் படுத்துக்கொண்டு வழிவிடும். சீமைக்கருவேலம் அப்படியல்ல. அதன் தூர் வளையாது. பின்புறம் சுழல்கள் உண்டாகி ஓட்டத்தின் ஆற்றல் அங்கேயே வீணாகிறது. வேகம் இரு மடங்கானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்கு. தண்ணீர் உயர்ந்தாலும் தீர்வில்லை, மேல் கிளைகளும் நனைந்து புதுத் தடையாகின்றன. முட்களில் சிக்கும் பிளாஸ்டிக் பையும் சருகும் புதரையே சிறு அணையாக்கிவிடும்.

ஆகவே ஜேசிபி வைத்து எல்லாவற்றையும் வழித்தெடுப்பது எனக்கு உடன்பாடில்லை. கரைச்சரிவில் இருக்கும் புல் மண் அரிப்பைத் தடுக்கிறது, அதை விட்டுவிடுங்கள். நடுவில் நிற்கும் கருவேலத்தை வேரோடு எடுங்கள். வெட்டிவிட்டு விட்டால் அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

துப்புரவு செய்த பிறகு அதே இடத்தில், ஏறக்குறைய அதே ஆழத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். ஆழம் வெகுவாக மாறியிருந்தால் இரண்டு எண்களையும் ஒப்பிட வேண்டாம்.