ஸ்கைரிமுக்கு மாட் போடப் போறீங்களா? முதலில் உங்கள் ஆட்டம் எதுவென்று பாருங்கள்

போன மாதம் மதுரையிலிருந்து என் சித்தி மகன் வேலைக்காகப் பெங்களூரு வந்தான். அறை கிடைக்கும்வரை ஹலசூரில் என் வீட்டில்தான் ஜாகை. ஒரு சனிக்கிழமை இரவு, கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தில், தள்ளுபடி விலையில் ஸ்கைரிம் என்ற கற்பனை உலக விளையாட்டின் ஸ்பெஷல் எடிஷன் வாங்கினான். யாரோ போட்ட பட்டியலைப் பார்த்துப் பார்த்து, விடிவதற்குள் 140 மாட் இறக்கிவிட்டான். மாட் என்பது விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்து தரும் கோப்புகள். ஞாயிறு காலை நான் காபி கலந்துகொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, லோகோ வருது, உடனே மூடிக்குது. எது தப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

140-ஐயும் ஒரே மூச்சில் போட்டிருந்தால் கண்டுபிடிப்பது லேசில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு அன்றைக்கே முதலிலிருந்து ஆரம்பித்தோம். அன்று அவனுக்குக் காட்டிய வழியை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். கணினியில், ஸ்டீம் வழியாக ஸ்பெஷல் எடிஷன் ஆடுகிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

படி 1: மாட் இல்லாமல் 10 மணி நேரம்

எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. நான் மிக முக்கியமாக நினைப்பதும் இதுதான். 10 மணி நேரம் வெறும் ஆட்டத்தை ஆடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். இரண்டு விஷயம் மட்டும் குறியுங்கள்: எதைச் செய்யும்போது நேரம் போவதே தெரியவில்லை, எந்த இடத்தில் எரிச்சல் வந்தது.

ஸ்கைரிமில் 18 திறன்கள் உண்டு. எதைப் பயன்படுத்துகிறீர்களோ அது வளரும். அதனால் உங்கள் கை எங்கே போகிறதோ, பாத்திரமும் அந்தப் பக்கமே சாயும். நிறையப் பேர் கடைசியில் ஒளிந்து அம்பு விடுகிறவர்களாக ஆவது இதனால்தான். பதுங்கி அடித்தால் அம்புக்கு ஆரம்பத்திலேயே இரண்டு மடங்கு சேதம். லெவல் ஏறும்போது கிடைக்கும் பெர்க் என்ற சிறப்புச் சலுகையில் அதற்கானதை எடுத்தால் மூன்று மடங்கு. தூரத்தில் நின்றபடி ஆளைச் சாய்க்க முடியும்போது யாருக்குத்தான் பக்கத்தில் போக மனசு வரும்? அப்படி ஆடப் பிடித்திருந்தால் தாராளமாக ஆடுங்கள். பிடிக்காமல் அதிலேயே மாட்டிக்கொண்டால் அதையும் நோட்டில் எழுதுங்கள். பின்னால் மாட் தேடும்போது அந்த வரி உதவும்.

என் ஆட்டம் நடை. மேப்பில் ஓர் இடத்தைத் தொட்டு நொடியில் அங்கே போகிற ஃபாஸ்ட் டிராவலைச் செய்யவே மாட்டேன். ரிவர்வுட் கிராமத்திலிருந்து ஒயிட்ரன் நகரத்துக்கு ஆற்றோரமாக நடந்தால் வழியெல்லாம் நீல மலைப்பூ பூத்திருக்கும். குனிந்து குனிந்து பறித்துக்கொண்டே போவேன். சரிவில் இறங்கியதும் சமவெளி விரியும், ஒயிட்ரன் கோட்டை தெரியும், சுவருக்கு வெளியே வயல்கள் வரும். அங்கே கோதுமை. நீல மலைப்பூவையும் கோதுமையையும் சேர்த்துக் காய்ச்சினால் உடல்நலம் மீட்கிற மருந்து கிடைக்கும், உடல்நலத்தின் அளவையும் கொஞ்ச நேரத்துக்கு அது கூட்டும். ஒயிட்ரனில் மருந்துக்கடைக்காரி ஆர்கேடியாவின் கடைக்குள்ளேயே மருந்து காய்ச்சும் மேசை இருக்கிறது. அங்கேயே காய்ச்சி அவளிடமே விற்றுவிட்டு, அந்தக் காசில் வேறு மூலிகை வாங்குவேன். ஒரு மாலை முழுக்க வாளையே உருவாமல் இப்படி ஆடியிருக்கிறேன். என்னைப் போன்ற ஆளுக்குப் போர் மாட் 50 போட்டாலும் பயன் இல்லை.

தம்பியின் நோட்டு வேறு மாதிரி இருந்தது. கிடைத்ததையெல்லாம் அள்ளுகிறவன் அவன். வாளி, துடைப்பம், கொள்ளைக்காரனின் செருப்பு, எதையும் விடமாட்டான். ஆரம்பத்தில் 300 எடைதான் சுமக்கலாம்; லெவல் ஏறும்போது ஸ்டாமினாவை, அதாவது உடல் வலுவைத் தேர்ந்தெடுத்தால் 5 கூடும். "பைக்குள்ள எது எங்க இருக்குன்னே தெரியல" என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தான். அவன் இறக்கிய 140-ல் பாதி மரத்தையும் வானத்தையும் அழகாக்குகிறவை. அவனுக்கு உண்மையில் வேண்டியிருந்ததோ ஒழுங்கான பை.

படி 2: இருப்பதை முதலில் பாருங்கள்

நோட்டில் எழுதிய குறைக்கு விளையாட்டிலேயே விடை இருக்கலாம். என்னைப் போல நடக்கப் பிடித்தவர்கள் சர்வைவல் மோடை முடுக்கிப் பாருங்கள். 2021-ல் ஆனிவர்சரி எடிஷன் வந்தபோது, ஸ்பெஷல் எடிஷன் வைத்திருந்த எல்லோருக்கும் இலவசமாகத் தந்த நான்கு கூடுதல் அம்சங்களில் அதுவும் ஒன்று. பசி, குளிர், களைப்பு மூன்றும் வந்துவிடும். ஃபாஸ்ட் டிராவல் நின்றுபோகும், குதிரைவண்டி மட்டும் ஓடும். தூங்கினால்தான் லெவல் ஏறும். சத்திரத்தில் ஒரு கட்டிலுக்கும் ஒரு கிண்ணம் சூப்புக்கும் என்ன மதிப்பு என்று அப்போது தெரியும்.

படி 3: இடத்தைத் தயார் செய்யுங்கள்

விண்டோஸின் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் விளையாட்டை வைக்காதீர்கள். அந்த இடத்துக்கு விண்டோஸ் தனிக் காவல் போட்டிருக்கும், மாட் கருவிகள் எழுத முடியாமல் தடுமாறும். வேறு டிரைவில் ஸ்டீம் லைப்ரரி ஒன்று உண்டாக்கி அங்கே நிறுவுங்கள். எஸ்எஸ்டி என்ற வேகமான டிரைவ் என்றால் உத்தமம். எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்புக்கு எஸ்.பி. ரோட்டில் ஒன்று வாங்கி மாட்டினோம். கதவைத் திறந்து உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் காத்திருந்தது குறைந்தது.

அடுத்து ஸ்டீமில் விளையாட்டின் பெயரை ரைட் கிளிக் செய்து, புராபர்ட்டீஸில் அப்டேட்ஸ் பகுதிக்குப் போங்கள். விளையாட்டைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏன் என்பது படி 5-ல் புரியும்.

அப்புறம் ஒரே ஒரு முறை ஸ்டீம் வழியாகவே விளையாட்டைத் திறந்து, மெயின் மெனு வந்ததும் மூடுங்கள். உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்குத் தக்க செட்டிங் கோப்புகள் அப்போதுதான் உருவாகும்.

படி 4: மாட் மேனேஜர்

மாட்டை இறக்கி விளையாட்டின் டேட்டா கோப்புறைக்குள் கையாலேயே கொட்டலாம்தான். ஆனால் திரும்ப எடுக்கும்போது எது மாட் கோப்பு, எது மூலக் கோப்பு என்று பிரிக்க முடியாது. அதனால் மேனேஜர் வேண்டும். வோர்டெக்ஸ், மாட் ஆர்கனைசர் 2 இரண்டுமே இலவசம். நான் பரிந்துரைப்பது மாட் ஆர்கனைசர் 2. ஒவ்வொரு மாட்டையும் தனித்தனிக் கோப்புறையில் வைத்துக்கொண்டு, விளையாட்டு ஓடும்போது மட்டும் எல்லாம் டேட்டா கோப்புறையில் இருப்பது போலக் காட்டும். மூல விளையாட்டில் கை வைக்காது.

அதில் புரொஃபைல் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு புரொஃபைல் வைக்கலாம், சேவ்களையும் அதோடு தனியாகப் பிரிக்கலாம். என்னிடம் மூலிகைக்காரிக்கு ஒன்று, மந்திரவாதிக்கு ஒன்று. மந்திரவாதிக்கு வேண்டிய மந்திர மாட்கள் மூலிகைக்காரியின் உலகத்தில் எட்டிக்கூடப் பார்க்காது.

மாட்களை நெக்சஸ் மாட்ஸ் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி இறக்கலாம்.

படி 5: எஸ்கேஎஸ்ஈ

ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்பதன் சுருக்கம் இது. ஸ்கிரிப்ட் என்பது விளையாட்டுக்குள் நடப்பதை இயக்கும் குட்டி நிரல். அந்த ஸ்கிரிப்ட் மொழிக்கு இல்லாத திறன்களை இது சேர்க்கிறது. நிறைய மாட்கள் இதை நம்பியே ஓடுகின்றன. உங்கள் விளையாட்டின் பதிப்பு எண்ணோடு இது கச்சிதமாகப் பொருந்த வேண்டும். விளையாட்டுக் கோப்புறையில் ஸ்கைரிம் எஸ்ஈ என்ற நிரலை ரைட் கிளிக் செய்து, புராபர்ட்டீஸில் டீடெயில்ஸ் பாருங்கள், எண் இருக்கும். அதற்கான எஸ்கேஎஸ்ஈயை இறக்கி, உள்ளிருப்பதை விளையாட்டுக் கோப்புறையிலேயே போடுங்கள். இனிமேல் ஸ்டீமின் பிளே பொத்தானைத் தொடாமல், மாட் ஆர்கனைசரில் எஸ்கேஎஸ்ஈயைத் தேர்ந்து ரன் கொடுங்கள். விளையாட்டு தானாகப் புதிய பதிப்புக்கு மாறிவிட்டால் இந்தப் பொருத்தம் போய்விடும். படி 3-ல் அப்டேட்டைக் கட்டி வைத்தது அதற்குத்தான்.

படி 6: ஒன்று போடு, நடந்து பார்

முதலில் போட வேண்டியவை மூன்று. விளையாட்டிலுள்ள ஏராளமான சின்னப் பிழைகளைச் சரிசெய்யும் அன்அஃபீஷியல் பேட்ச் ஒன்று. எஸ்கேஎஸ்ஈயைச் சார்ந்த பல மாட்கள் கேட்கும் அட்ரஸ் லைப்ரரி இன்னொன்று. மூன்றாவது ஸ்கை யூஐ. பைக்குள் இருப்பதை எடை, விலை, வகை என்று வரிசைப்படுத்திக் காட்டும். தம்பியின் நோட்டில் மூன்று இடத்தில் இருந்த எரிச்சல் இந்த ஒன்றிலேயே தீர்ந்தது. எந்த மாட்டின் பக்கத்திலும் அதற்கு வேறென்ன வேண்டும் என்ற தேவைப் பட்டியல் இருக்கும். அதைப் படிக்காமல் இறக்காதீர்கள். லோகோவோடு மூடிக்கொள்வதற்கு முதல் காரணம் ஏதோ ஒரு தேவை விட்டுப்போனதுதான்.

பிறகு வருவதையெல்லாம் ஒவ்வொன்றாகப் போடுங்கள். ரிவர்வுட் பாலத்தில் நின்று ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். புது மாட் போட்டதும் அதைத் திறந்து ஒயிட்ரன் வரை நடந்து, ஊருக்குள் போய், ஒரு கடைக்குள் நுழைந்து வெளியே வாருங்கள். காடு, ஆறு, சமவெளி, ஊர், உள்ளறை எல்லாம் அந்த நடையில் வந்துவிடும். க்ராஷ் ஆனால் காரணம் கடைசியாகப் போட்டது என்று உடனே தெரியும். இந்தச் சோதனை சேவில் மேற்கொண்டு ஆடாதீர்கள். பட்டியல் முடிந்ததும் புது ஆட்டம் தொடங்குங்கள்.

பொருட்களின் மேற்பரப்புப் படங்களை மாற்றும் டெக்ஸ்சர் மாட்களில் 2கே, 4கே என்று படத்தின் அளவு இருக்கும். 4கே என்றால் இரண்டு மடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். நீளத்திலும் அகலத்திலும் இரட்டிப்பதால் நான்கு மடங்கு. லேப்டாப்புக்கு 2கே போதும்.

படி 7: மாட்டும் மாட்டும் மோதினால்

மோதல் இரண்டு வகை. ஒரே கோப்பை இரண்டு மாட் மாற்றுவது ஒன்று. மாட் ஆர்கனைசரின் இடப்பக்கப் பட்டியலில் கீழே இருப்பது ஜெயிக்கும். விளையாட்டின் விவரங்களை மாற்றும் பிளகின் கோப்புகள் இரண்டு ஒரே விவரத்தை மாற்றுவது இன்னொன்று. வலப்பக்கப் பட்டியலில் கடைசியில் ஏறுவது ஜெயிக்கும். லூட் என்ற கருவி பிளகின் வரிசையை அடுக்கித் தரும், ஆரம்பத்துக்கு அது போதும். சாதாரண பிளகின் 254 வரைதான் ஏறும். லைட் பிளகின் என்ற வகை அந்தக் கணக்கில் சேராது.

படி 8: நடு ஆட்டத்தில் பிடுங்காதீர்கள்

இதை நான் நஷ்டப்பட்டுக் கற்றேன். மூலிகைக்காரியோடு 60 மணி நேரம் ஆடிய பிறகு, பிடிக்காத ஒரு ஸ்கிரிப்ட் மாட்டை நீக்கினேன். டெக்ஸ்சர் மாட்டை எப்போது எடுத்தாலும் பாதகமில்லை. ஸ்கிரிப்ட் அப்படியல்ல, அது சேவுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். மாட்டை எடுத்த பிறகும் அதன் மிச்சம் உள்ளே கிடக்கும். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒயிட்ரனுக்குள் நுழைந்தால் க்ராஷ். பழைய சேவ்களையும் அழித்துவிட்டிருந்தேன். அவளை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை, இன்றைக்கும் வருத்தம்தான். ஆகவே 10 சேவாவது தனித்தனியாக வைத்திருங்கள். டாக்குமெண்ட்ஸில் மை கேம்ஸ் கோப்புறைக்குள் அவை இருக்கும்; புரொஃபைலோடு பிரித்திருந்தால் மாட் ஆர்கனைசரின் புரொஃபைல் கோப்புறையில் இருக்கும். வாரம் ஒரு முறை பென் டிரைவில் நகல் எடுங்கள். மே மாத மழைச் சாயங்காலங்களில் எங்கள் தெருவில் கரண்ட் பட்டென்று போகும். சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது போனால் அந்த சேவ் கெட்டுவிடலாம். டெஸ்க்டாப்பில் ஆடுகிறவர்கள் யூபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: பட்டியலை மூடுங்கள்

மாட் தேடுவது தனிப் போதை. தேடிக்கொண்டே இருந்தால் ஆட நேரம் இருக்காது. நோட்டில் எழுதிய எரிச்சல்கள் தீர்ந்ததும் பட்டியலுக்குக் கீழே கோடு போட்டு, தேதி எழுதி, புது ஆட்டம் தொடங்குங்கள். தம்பியின் பட்டியல் 19-ல் நின்றது. இப்போது மாரத்தஹள்ளியில் அறை பார்த்துப் போய்விட்டான். போன வாரம் போயிருந்தபோது மேசை மேல் அந்த நோட்டு திறந்து கிடந்தது. மாட் பெயர் எதுவும் புதிதாக இல்லை. "நீலப் பூ 40, கோதுமை 12. பத்தாது. நாளைக்கு வயல் பக்கம் போகணும்" என்று எழுதியிருந்தான்.