சீலியாக் ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள்

சீலியாக் என்ற பேரே நம் குமரி மாவட்டத்தில் பலருக்குப் புதிது. சோறு, மரச்சீனிக் கிழங்கு, அரிசிப் புட்டு, ஆப்பம் என்று பிள்ளைகளை வளர்த்த ஊர் இது. கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான் சிறுகுடலைப் பாதிக்கும் இந்த நோயைத் தூண்டுகிறது. பெரியவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. வட இந்தியாவில் நூறு பேரில் ஒருவருக்கு மேல் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. சாப்பாடுதான் வேறு. வடக்கே நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம்.

இப்போது நம் வீடுகளிலும் காலையில் ரஸ்க், பள்ளிக்கூடப் பையில் பிஸ்கட், சாயங்காலம் மைதா மாவில் முக்கிய பழம்பொரி, ராத்திரி புரோட்டா என்று ஆகிவிட்டது. அதனால் ‘நம்ம ஊர்ல இதெல்லாம் வராது’ என்று சொல்லி விட்டுவிட முடியாது.

என் அக்கா குடும்பம் மாமாவின் ராணுவ வேலையால் சில வருடம் புனேயில் இருந்துவிட்டு, தக்கலைப் பக்கம் திரும்பி வந்தது. ஆறு வயது மகளுக்கு எடை ஏறவில்லை, வயிறு மட்டும் உப்பியிருந்தது. இரும்புச்சத்து மருந்து மாதக்கணக்கில் கொடுத்தும் ரத்தசோகை மாறவில்லை. பூச்சி மாத்திரை இரண்டு முறை கொடுத்தார்கள். அப்புறம் சொந்தக்காரர் ஒருவர், “கோதுமைய நிறுத்திப் பாரு” என்றார். நிறுத்தினார்கள், பிள்ளை தேறினாள். மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்ததில் ‘நெகட்டிவ்’ என்று வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு திருவனந்தபுரத்தில் பார்த்த குழந்தைகள் குடல்நோய் மருத்துவர் முதலில் கேட்டதே, “ரத்தம் எடுக்கும்போது பிள்ளை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தாளா?” என்றுதான்.

இந்தப் பரிசோதனை தேடுவது குளூட்டனை அல்ல. குளூட்டன் உள்ளே போகப் போக, உடம்பு தன்னுடைய டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதிக்கு எதிராகவே உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. கோதுமை நின்றுபோனால் சில மாதங்களில் அந்த எதிர்ப்பொருள் குறைந்துவிடும். நோய் இருக்கும், ரிப்போர்ட்டில் தெரியாது. பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரமாவது, தினமும் ஒரு வேளைக்கு மேல், குளூட்டன் உள்ள உணவு சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல். சோறும் கிழங்குமே சாப்பிட்டு, என்றாவது ஒரு புரோட்டா தின்னும் பிள்ளை என்றால் அதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை.

அக்கா மகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் மறுபடியும் கோதுமை கொடுக்க வேண்டியிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சுருண்டு படுத்த ராத்திரிகள் எனக்கு மறக்காது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கும், பருவ வயதில் வளரும் பிள்ளைக்கும் இப்படி மறுபடி கொடுத்துப் பார்ப்பதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். ஆக, முதல் முறையே சரியாக எடுப்பதுதான் பிள்ளைக்கு நல்லது.

அடுத்து ரிப்போர்ட் சீட்டு. டிடிஜி ஐஜிஏ (மேலே சொன்ன நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள்) மட்டும் இருந்தால் போதாது, மொத்த ஐஜிஏ அளவும் வேண்டும். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையே உடம்பில் குறைவு. அவர்களுக்கு நோய் இருந்தாலும் டிடிஜி ஐஜிஏ நெகட்டிவாகவே வரும். ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருள் வகையைத் தேடும் பரிசோதனைதான் உதவும். கோதுமை அலர்ஜிக்கான ஐஜிஇ பரிசோதனை வேறு விஷயம், அது இந்தக் கேள்விக்குப் பதில் தராது. நூறு உணவுக்கு ஒரே ரத்தத்தில் ஒவ்வாமை பார்த்துச் சொல்கிறோம் என்று விற்கும் பேக்கேஜுக்குத் தயவுசெய்து காசு கொடுக்காதீர்கள்.

பாசிட்டிவ் வந்துவிட்டால் பயத்தில் அன்றைக்கே சப்பாத்தியை நிறுத்துகிறார்கள். அதுவும் தவறுதான். எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தால், அதுவரை கோதுமை தொடர வேண்டும். டிடிஜி இயல்பு வரம்பைப் போலப் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாவதாக எடுத்த ரத்தத்தில் இஎம்ஏ என்ற இன்னோர் எதிர்ப்பொருள் பரிசோதனையும் பாசிட்டிவாக வந்தால், எண்டோஸ்கோப்பி இல்லாமலே உறுதிசெய்யலாம் என்று 2020-இல் ஐரோப்பியக் குழந்தை மருத்துவ வழிகாட்டுதல் சொன்னது. எந்த வழி என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். லேசாக ஏறியிருக்கும் அளவை வைத்து வாழ்நாள் பத்தியம் தொடங்கிவிடாதீர்கள்.

கூடப் பிறந்தவர்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வயிற்றுத் தொல்லை எதுவும் இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோய், டவுன் சிண்ட்ரோம், தைராய்டு தன்னெதிர்ப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கும் அப்படியே. மரபணுப் பரிசோதனை நெகட்டிவாக வந்தால் நோய் வர வாய்ப்பு அநேகமாக இல்லை எனலாம். பாசிட்டிவ் என்றால் நோய் என்று அர்த்தமில்லை. மேலே சொன்ன 2016 ஆய்விலேயே மூன்றில் ஒருவருக்கு அந்த மரபணு இருந்தது.

அக்கா மகளுக்கு நோய் உறுதியானதால், அக்காவின் இளைய மகனுக்கும் ரத்தம் பார்த்தோம். நெகட்டிவ்தான். ஆனால் இப்போது இல்லாத எதிர்ப்பொருள் பின்னால் வரலாம் என்பதால், சில வருட இடைவெளியில் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் வீட்டில் அவனுக்குச் சப்பாத்தி உண்டு, தனிக் கல்லில் சுடுகிறார்கள். அக்கா மகளுக்குப் புட்டும் பயறும். சாம்பாருக்கு வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும் என்று தெரிந்த பிறகு அதையும் மாற்றிவிட்டார்கள்.