பின்சீட்டில் ஆளே இல்லை, பெல்ட் அலாரம் மட்டும் அடிக்கிறதா? செய்யக்கூடாதவை

பின்சீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டி கொஞ்சம் வேகமெடுத்ததும் பீப் சத்தம் விடாமல் அடிக்கிறது. அல்லது எல்லோரும் பெல்ட் போட்டிருந்தும் ஒரு இருக்கைக்கு மட்டும் போடவில்லை என்றே காட்டுகிறது. எரிச்சலில் பலரும் முதலில் தேடுவது அந்தச் சத்தத்தை நிறுத்தும் வழியைத்தான். தேட வேண்டியது காரணத்தை. காரணம் தெரிந்தால் பெரும்பாலும் காசு செலவில்லாமலே தீர்ந்துவிடும். தெரியாமல் அடக்கி வைத்தால், உண்மையிலேயே ஒருவர் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கும் நாளிலும் கார் பேசாமல்தான் வரும்.

எடுத்த எடுப்பில் கோளாறு என்று முடிவு கட்டுவது

பின்சீட் எச்சரிக்கை எல்லாக் காரிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சில கார்களில் இருக்கையின் குஷனுக்கு அடியில் எடையை உணரும் சென்சார் இருக்கும். பெல்ட்டைச் செருகும் பக்கிளுக்குள் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். எடை இருக்கிறது, பெல்ட் மாட்டவில்லை என்று இரண்டும் சேர்ந்து சொன்னால்தான் அலாரம் அடிக்கும்.

வேறு பல கார்களில் பின்னால் எடை சென்சாரே கிடையாது, பக்கிள் சுவிட்ச் மட்டும்தான். இந்தக் கார்களுக்கு ஆள் உட்கார்ந்திருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. அதனால் வண்டியைக் கிளப்பியதும் எந்தெந்தப் பெல்ட் மாட்டவில்லை என்று சிறிது நேரம் காட்டிவிட்டு அணைந்துவிடும். ஓட்டத்தின் நடுவே யாராவது பெல்ட்டைக் கழற்றினால் மறுபடியும் சத்தம் போடும். வழியில் ஒருவரை இறக்கிவிட்டு, இன்ஜினை நிறுத்தாமலே கிளம்பும்போதும் இது நடக்கலாம். பல கார்களில் பின்கதவைத் திறந்து மூடினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

உங்கள் கார் எந்த வகை என்பதை உரிமையாளர் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட் பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும். காலி இருக்கைக்கும் விளக்கு எரிவது இயல்பு என்று அதிலேயே போட்டிருந்தால், சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டியதில்லை.

கிளிப் வாங்கிச் செருகுவது

இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. பெல்ட்டின் உலோக நாக்கு மாதிரியே செய்த ஒரு துண்டை பக்கிளில் செருகிவிட்டால், பெல்ட் போட்டாயிற்று என்று கார் நம்பிவிடும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு இந்தக் கிளிப்புகளை நீக்கச் சொல்லி உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. விபத்துக் காப்பீடு கேட்கும்போதும் இந்தக் கிளிப் தடையாக வரலாம் என்று அப்போதே எச்சரித்தார்கள்.

பலர் செய்யும் இன்னொன்று, ஆள் இல்லாத நேரத்தில் பின்சீட் பெல்ட்டுகள் மூன்றையும் மாட்டி அப்படியே விட்டுவிடுவது. கிளிப் வாங்கவில்லை, காசு செலவில்லை, அதனால் தப்பில்லை என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை மாமனார், மாமியார் வந்து பின்னால் ஏறும்போது என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். மாட்டியிருக்கும் பெல்ட் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். பெல்ட் முதுகுக்குப் பின்னால் இருக்கும், விளக்கு எரியாது, ஓட்டுபவருக்கும் சந்தேகம் வராது. ஆள் இல்லாதபோது கேட்ட பீப் போனது சரி, ஆள் இருக்கும்போது கேட்க வேண்டியதும் கூடவே போய்விட்டது.

சர்வீஸ் கடையில் மென்பொருள் வழியாக எச்சரிக்கையையே நிறுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பின்சீட்டுக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று இன்னமும் கேட்கிறார்கள். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் நடந்த கார் விபத்தில் இறந்தார். அந்தக் காரில் முன்னால் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் இறந்தார்கள், இருவருமே பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீசார் சொன்னார்கள். பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவர் மோதலின்போது முன்சீட்டின் மேல் போய் விழுவார். அடி அவருக்கு மட்டுமல்ல, முன்னால் பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருப்பவருக்கும்தான். சட்டப்படியும் பின்சீட் பயணி பெல்ட் போட்டாக வேண்டும். மீறினால் 1,000 ரூபாய் அபராதம்.

சீட்டில் இருப்பதைப் பார்க்காமல் சென்சாரைக் குறை சொல்வது

எடை சென்சார் உள்ள காரில் லேப்டாப் பை, மளிகைப் பை, தண்ணீர் கேன், நாய்க்குட்டி எது இருந்தாலும் ஆள் என்று எடுத்துக்கொள்ளலாம். பையைக் கீழே கால் வைக்கும் இடத்திலோ டிக்கியிலோ வையுங்கள். சீட்டில்தான் வைத்தாக வேண்டும் என்றால் அதன் குறுக்கே பெல்ட்டைப் போட்டுவிடலாம். திடீரென்று பிரேக் அடித்தால் பை பறந்து வராமலும் இருக்கும். இறக்கியதும் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வெளிக்கடையில் போட்ட சீட் கவரும் ஒரு காரணம். கவரை இறுக்கி இழுத்துக் கட்டும்போது குஷன் எப்போதும் அழுந்தியே இருந்தால், காலியாக இருக்கும்போதும் சென்சார் ஏமாறும். கவர் மாட்டிய வாரத்திலேயே தொந்தரவு தொடங்கியிருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், அந்தக் கவரைக் கழற்றிப் பாருங்கள்.

குழந்தை இருக்கை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐசோஃபிக்ஸ் என்பது குழந்தை இருக்கையை மாட்ட காரின் சீட்டிலேயே இருக்கும் கொக்கி. அதில் மாட்டி, குழந்தையை இருக்கையின் சொந்தப் பெல்ட்டாலேயே கட்டும் வகைக்குக் காரின் பெல்ட் தேவைப்படாது. எடை மட்டும் தெரியும், அதனால் அலாரம் அடிக்கும். இந்த வகையில் அலாரத்தை நிறுத்த, குழந்தையின் மேல் காரின் பெல்ட்டையும் கூடுதலாகப் போடாதீர்கள். சும்மா இருக்கும் பெல்ட்டை குழந்தை இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டலாமா என்பதைக் காரின் கையேடு, இருக்கையின் கையேடு இரண்டிலும் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். எப்படிச் செய்தாலும் பெல்ட் தளர்ந்து குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. இழுத்து விளையாடும்போது கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

பக்கிளில் எண்ணெய் விடுவது

பெல்ட் போட்டும் போடவில்லை என்று காட்டினால், முதலில் அந்தப் பெல்ட் அதற்குரிய பக்கிளில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். நடு இருக்கைக்கும் ஓர இருக்கைக்கும் பக்கிள்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் மாற்றிச் செருகப் பார்ப்பது சகஜம். பின்சீட்டை மடக்கி நிமிர்த்தும்போது பக்கிள் குஷனுக்கு அடியில் சிக்கிக்கொள்வதும் உண்டு.

அதுவும் சரியாக இருந்தால், ஒரு டார்ச்சை எடுத்து பக்கிளின் வாய்க்குள் அடித்துப் பாருங்கள். பிள்ளைகள் பின்னால் உட்காரும் வண்டி என்றால் பிஸ்கட் தூள், கடலைத் தோல், சில சமயம் ஒரு ரூபாய் நாணயம்கூட இருக்கும். நாக்கு முழுதாக உள்ளே போக முடியாது, 'க்ளிக்' சத்தம் மந்தமாகக் கேட்கும் அல்லது கேட்கவே கேட்காது. இதை அலாரத் தொல்லை என்று நினைக்காதீர்கள். அரைகுறையாக மாட்டிய பெல்ட் மோதலில் கழன்றுவிடும், கார் சொன்னது உண்மைதான்.

வேக்குவம் கிளீனரால் மெதுவாக உறிஞ்சி எடுங்கள், மெல்லிய பிரஷ் போதும். தேங்காய் எண்ணெயோ துருநீக்கும் ஸ்பிரேயோ விட வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டி இன்னும் அடைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் சுவிட்சும் பிளாஸ்டிக்கும் கெட்டுப்போகலாம். ஜூஸ் கொட்டிப் பிசுபிசுத்துப்போயிருந்தாலோ, சுத்தம் செய்த பிறகும் க்ளிக் சரியாகக் கேட்கவில்லை என்றாலோ பக்கிளை மாற்றுவதே நல்லது. பிரித்துப் பழுது பார்க்கும் பொருள் இல்லை அது.

சீட்டுக்கு அடியில் கையை விட்டுக் கழற்றுவது

மழைத் தண்ணீர் உள்ளே புகுந்த வண்டி, தண்ணீர் அடித்துக் கழுவிய வண்டி, பல நாள் நிறுத்தி வைத்ததில் எலி வொயரைக் கடித்த வண்டி, இவற்றிலெல்லாம் சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டரோ வொயரோ கெட்டிருக்கலாம். டார்ச் அடித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மஞ்சள் நிறக் கனெக்டரைத் தொடவே கூடாது. அது பொதுவாக ஏர்பேக்கையோ, மோதும்போது பெல்ட்டை இழுத்து இறுக்கும் பாகத்தையோ சேர்ந்தது, அந்தப் பாகங்களுக்குள் வெடிமருந்து இருக்கிறது. வீட்டு மல்டிமீட்டரை வைத்து அதைச் சோதிப்பதும் ஆபத்து. பெல்ட் விளக்கோடு ஏர்பேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அது வேறு விஷயம், தள்ளிப்போடாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

'சத்தம் வருகிறது' என்று மட்டும் சொல்லி வண்டியை விடுவது

மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது அலாரம் வராது, 'ஒன்றும் இல்லை சார்' என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பின்சீட்டில் ஒன்றுமே இல்லாமல் வண்டியைக் கிளப்பி எந்த இருக்கைக்கு விளக்கு எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். பெல்ட் மாட்டியபடியே பக்கிளை லேசாக அசைத்தால் விளக்கு மின்னுகிறதா? அப்படியென்றால் சுவிட்ச் அல்லது வொயர் பக்கம்தான் சந்தேகம். யாரையாவது செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

எந்த இருக்கை, எப்போது வருகிறது, மழைக்குப் பிறகா, சீட்டை மடக்கிய பிறகா என்பதையெல்லாம் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். ஸ்கேனரில் பிழைக் குறியீடு பதிவாகியிருந்தால் அதையும் குறித்துத் தரச் சொல்லுங்கள், வாரண்டி முடிவதற்குள் அதே புகாரோடு மறுபடி போக நேர்ந்தால் அந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது பின்சீட்டில் ஒருவரை உட்கார வைத்து, பெல்ட்டைக் கழற்றினால் அலாரம் அடிக்கிறதா என்றும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.