கேட்டதையே கேட்கும் அம்மாவிடம் பேசுவது எப்படி

"இப்பத்தானே சொன்னேன்" என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். அல்சைமர் என்னும் மறதி நோய் வந்த அம்மாவோடு இருக்கிறேன், இதை நிறுத்த எனக்கே ஒரு வருஷம் பிடித்தது.

அன்றன்று நடப்பதைப் பதிந்துவைப்பது ஹிப்போகாம்பஸ், காதுக்கு நேரே மூளையின் ஆழத்தில் இருக்கிறது. மற்ற பகுதிகளிலிருந்து அதற்குச் செய்தி போகும் முக்கிய வாசல் என்டோரைனல் புறணி. அல்சைமரில் மூளை செல்களுக்குள் இருக்கும் டௌ என்ற புரதம் சிக்கலாக முறுக்கிக்கொள்வது பெரும்பாலும் அந்த வாசலை ஒட்டித்தான் தொடங்குகிறது. மூளை ஆய்வாளர்களான ஹெய்கோ பிராக், ஈவா பிராக் தம்பதி இதை 1991-லேயே படிப்படியாக எழுதிவைத்தார்கள். சும்மா இருக்கும்போதும் சேர்ந்தே இயங்கும் மூளைப் பகுதிகளின் வலை இந்த நோயில் தளர்வதை 2004-இல் ஆய்வாளர் மைக்கேல் கிரேசியஸின் குழு எம்ஆர்ஐயில் காட்டியது. அதாவது உங்கள் பதில் அம்மாவுக்குக் கேட்டது, புரிந்தது, ஆனால் உள்ளே போய்ப் பதியவே இல்லை. அவர் கேட்பது ஒவ்வொரு தடவையும் அவருக்கு முதல் தடவைதான்.

அதனால் பரீட்சை வைக்காதீர்கள். "காலையில என்ன சாப்பிட்ட?" வேண்டாம், "காலையில இட்லி சாப்பிட்டோமே, நல்லா இருந்துச்சுல்ல" என்று பதிலையும் சேர்த்தே கொடுங்கள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று ஆரம்பிப்பார்கள், அப்படிக் கேட்க வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவையுங்கள், தயங்காமல். "அம்மா, உன் சின்ன மக வந்திருக்கேன்" என்று நாமே சொல்லிக்கொண்டு போவதுதான் சரி. டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம். அப்பா இறந்து பல வருஷம் ஆகியும் "அப்பா எங்கடி?" என்று கேட்டால் சாவுச் செய்தியை மறுபடி சொல்லாதீர்கள், அன்றைக்குத்தான் கேள்விப்படுவது போல அழுவார். "அப்பா ஞாபகம் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டு அவரைப் பற்றியே பேசவிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது எது முதலில் மாறியது என்று எழுதிக்கொண்டு போங்கள். மறதிக்கு முன்பே குணம் மாறியிருந்தால் பாதிக்கப்பட்ட வலையே வேறாக இருக்கலாம், மூளையின் முன்பகுதியையும் பக்கப் பகுதியையும் தாக்கும் ஃபிரண்டோடெம்போரல் டிமென்ஷியா என்ற வேறு நோய் பெரும்பாலும் அப்படித்தான் வரும். தைராய்டு, பி12 வைட்டமின், காது கேட்பது, மனச்சோர்வு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள், சில மறதி இவற்றால் வந்து சரியும் ஆகும். "வயசானா இப்படித்தான்" என்று ஒரு டாக்டர் எங்களைத் திருப்பி அனுப்பினார், அதோடு விட்டிருக்கக் கூடாது. ஒரே நாளில் திடீரென்று குழம்பினால் காத்திருக்காதீர்கள், சிறுநீர்த் தொற்றுகூட அப்படிச் செய்யும்.

அப்புறம், கைக்கு வேலை கொடுங்கள். பழகிய கைவேலை பதிந்திருப்பது வேறு பாதையில், அது ரொம்ப நாள் நிற்கும். சாப்பிட்டதே நினைவில்லாத அம்மாவிடம் மல்லிகையையும் வாழைநாரையும் கொடுத்தால், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்து விரல் தானே சுற்றி இழுக்கிறது. முடிச்சு தளர்வாக இருந்தால் திருத்த வேண்டாம், வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளுங்கள்.